படகுக் கணக்கு நோட்டை வைத்து முழுக்கள், பின்னம், சராசரி: முதலிலிருந்து ஒரு செய்முறை

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் மாலை நேரத்தில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கரையில் நின்று "கிலோ நூத்தி எம்பது, மூணரைக் கிலோ, அறநூத்தி முப்பது" என்று யோசிக்காமல் சொல்கிற பிள்ளை, நோட்டில் −4 − (−7) என்று எழுதிக் கொடுத்தால் பேந்தப் பேந்த முழிக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கணக்கு நன்றாகவே வருகிறது, குறிகள் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். அதனால் ஒரே ஒரு வல்லத்தின், அதாவது ஒரு சிறு மீன்பிடிப் படகின், ஒரு வாரக் கணக்கை எடுத்துக்கொண்டு, அதிலேயே முழுக்கள் (கழித்தல் குறி போட்டவையும் சேர்ந்த முழு எண்கள்), பின்னம், தரவு மூன்றையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, 12 சோழி எடுத்துக்கொள்ளுங்கள். சோழி இல்லாவிட்டால் புளியங்கொட்டை போதும்.

படி 1: கோட்டை நிறுத்தி வரையுங்கள்

எண்கோட்டைப் படுக்கையாக வரைவதுதான் வழக்கம். நான் முதலில் செங்குத்தாகத்தான் வரையச் சொல்வேன். நடுவில் 0 போடுங்கள், அதுதான் கடல் மட்டம். மேலே 1, 2, 3. கீழே −1, −2, −3. சங்கு குளிக்கப் போனவர் 8 மீட்டர் ஆழத்தில் இருக்கிறார் என்றால் அவர் இருக்கும் இடம் −8. அங்கிருந்து 3 மீட்டர் மேலே வந்தால் −8 + 3 = −5.

இப்போது −8, −5 இரண்டில் எது பெரியது? முக்கால்வாசிப் பேர் −8 என்பார்கள், எட்டு பெரிய எண்ணாயிற்றே என்று. கோட்டைப் பாருங்கள், மேலே இருப்பது எதுவோ அதுதான் பெரியது. −5 மேலே இருக்கிறது. இதில் இன்னும் குழப்பம் இருந்தால் அடுத்த படிக்குப் போகவேண்டாம், நாலைந்து எண்களை எடுத்து மேல் கீழ் என்று வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 2: வரவும் கடனும்

நம் வல்லம் திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் கடலுக்குப் போனது. டீசல், ஐஸ் எல்லாம் கழித்து நின்றது இது:

திங்கள் +1200
செவ்வாய் −400
புதன் +800
வியாழன் −1000
வெள்ளி +2600
சனி +1300

செவ்வாய்க்கிழமை பிடித்த மீனை விற்ற காசு செலவுக்குக்கூடக் காணவில்லை, கையிலிருந்து 400 போனது. அதுதான் அந்தக் கழித்தல் குறி.

இனி எல்லாரும் பயப்படுகிற இடம். சனிக்கிழமை ராத்திரி நோட்டைப் புரட்டினால், வியாழக்கிழமை ஐஸ் கடன் 300 ரூபாயை இரண்டு தடவை எழுதியிருக்கிறது. ஒன்றை அடிக்கவேண்டும். கடனை அடித்தால், அதாவது நோட்டிலிருந்து −300 என்பதை எடுத்துவிட்டால், அன்றைய நஷ்டம் குறையத்தானே செய்யும்? −1000 − (−300) என்று எழுதுவது இதைத்தான். விடை −700. கடனை நீக்குவதும் பணம் வருவதும் ஒன்றுதான் என்பதால் அது −1000 + 300 ஆகிறது. கி.பி. 628-இலேயே பிரம்மகுப்தர் இந்த விதிகளைச் செல்வம், கடன் என்ற சொற்களில்தான் எழுதினார், பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம் என்று. நான் ஏழாவது படிக்கும்போது "மைனஸ் மைனஸ் பிளஸ்" என்று பாட்டு மாதிரி ஒப்பித்தேன், எங்கே பயன்படுத்துவது என்று மட்டும் தெரியவில்லை. அந்த ஐஸ் கடனை நினைத்துக்கொள்ளுங்கள், பாட்டுத் தேவைப்படாது.

பெருக்கலும் அப்படியே. தினம் 400 நஷ்டம் என்றால் மூன்று நாளில் 3 × (−400) = −1200. அதே நஷ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று நாளுக்கு முன்னால், அதாவது −3 ஆம் நாளில், கையில் எவ்வளவு இருந்திருக்கும்? இன்றைக்கு இருப்பதைவிட 1200 கூடுதலாக. (−3) × (−400) = +1200.

வியாழனைத் திருத்தியாயிற்று. வாரத்தின் மொத்தம்: வரவுகள் 1200 + 800 + 2600 + 1300 = 5900, நஷ்டங்கள் 400 + 700 = 1100. 5900 − 1100 = 4800. வரவை ஒரு பக்கம், நஷ்டத்தை ஒரு பக்கம் தனியாகக் கூட்டிவிட்டு அப்புறம் கழிப்பது நல்ல பழக்கம், தப்பு வெகுவாகக் குறையும்.

படி 3: பங்கு பிரித்தல்

பங்கு முறை ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். நாம் இப்படி வைத்துக்கொள்வோம்: படகுக்கு 1/3, வலைக்கு 1/4, மீதி போன நாலு பேருக்கும் சமமாக. மீதி எவ்வளவு என்று தெரிய முதலில் 1/3 + 1/4 வேண்டும்.

மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/7 என்று போடுகிறவர்கள் நிறையப் பேர். திட்டவேண்டாம், ஒரு கேள்வி கேட்டால் போதும். 2/7 என்பது 1/3-ஐவிடச் சின்னது (கால்குலேட்டரில் போட்டால் 0.2857, மற்றது 0.3333). படகுப் பங்கோடு வலைப் பங்கையும் சேர்த்த பிறகு முன்னைவிடக் குறையுமா?

இப்போது சோழிகளைத் தரையில் பரப்புங்கள். 12 சோழி, அதுதான் மொத்தப் பணம். மூன்று சம வரிசையாக வைத்தால் வரிசைக்கு 4, ஆகவே 1/3 என்றால் 4 சோழி. திரும்பக் கலைத்து நாலு வரிசையாக வைத்தால் வரிசைக்கு 3, ஆகவே 1/4 என்றால் 3 சோழி. இரண்டும் சேர்ந்து 7 சோழி, 7/12. மூன்றாலும் நாலாலும் மீதியில்லாமல் பிரிக்க வருகிற மிகச் சின்ன எண் என்பதால்தான் 12 சோழி எடுக்கச் சொன்னேன், புத்தகம் அதை மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) என்கிறது. பகுதி, அதாவது பின்னத்தின் கீழ் எண், வேறு வேறாக இருந்தால் முதலில் சோழியின் அளவை ஒன்றாக்கவேண்டும், பிறகுதான் எண்ணலாம்.

தரையில் மீதி 5 சோழி, 5/12. ஒரு சோழிக்கு 4800 ÷ 12 = 400 ரூபாய். படகுக்கு 1600, வலைக்கு 1200, ஆட்களுக்கு 2000, ஆளுக்கு 500. இதையே பின்னமாக எழுதினால் 5/12 ÷ 4 = 5/12 × 1/4 = 5/48. 4800-இல் 5/48 எவ்வளவு என்று பாருங்கள், அதே 500.

பின்னத்தைப் பெருக்கினால் ஏன் சின்னதாகிறது என்று கேட்பார்கள். விடை நம் பேச்சிலேயே இருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை, 1/2 × 1/4 = 1/8. அதில் பாதி மாகாணி, 1/16. பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி வரைக்கும், அதாவது 1/320 வரைக்கும், பேர் வைத்துப் புழங்கியிருக்கிறார்கள். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், மாகாணிக்கு இன்னொரு பேரான வீசம் என்ற சொல்லாவது வரும்.

படி 4: எண்ணி அடுக்குதல்

கரையில் 20 பெட்டி இறங்குகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கோடு போடுங்கள், ஐந்தாவது கோட்டை முதல் நாலின் மேல் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள், நேர்க்கோட்டுக் குறி என்பது இதுதான். சூடை 9, காரல் 6, நண்டு 3, கணவாய் 2. அதிகம் வந்தது சூடை, ஆகவே முகடு சூடை. அதன் பங்கு 9/20, நூற்றுக்கு 45. பட்டை வரைபடம் போட்டால் அளவை 0-இலிருந்து தொடங்குங்கள், இல்லாவிட்டால் கணவாய் இருக்கிற இடமே தெரியாது.

படி 5: சராசரி

வல்லத்துக்கு ஆறு நாளில் 4800, சராசரி 800. இடைநிலை அளவுக்கு எண்களை ஏறுவரிசையில் வையுங்கள்: −700, −400, 800, 1200, 1300, 2600. முதல் படியின் கோடு நினைவிருந்தால் −700 ஏன் முதலில் என்று சொல்லவேண்டியதில்லை. நடுவில் 800, 1200 என்று இரண்டு எண் இருப்பதால் இரண்டுக்கும் நடு, 1000. நஷ்டம் வந்த இரண்டு நாளும் சராசரியைக் கீழே இழுத்துவிட்டன, அதனால்தான் 800-க்கும் 1000-க்கும் வித்தியாசம்.

சராசரியில் முக்கியமான கேள்வி எதால் வகுப்பது என்பது. நம் கரைக்கு இது நன்றாகப் பொருந்தும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, வருடத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஒரு விசைப்படகு ஏப்ரலில் 6 தடவை கடலுக்குப் போய் 1,26,000 ரூபாய் வரவு என்று வைத்துக்கொள்வோம். 6-ஆல் வகுத்தால் 21,000. தடை இல்லாத 14 நாளால் வகுத்தால் 9,000. மாதத்தின் 30 நாளால் வகுத்தால் 4,200. மூன்றும் சரியான விடைகள், கேள்விகள்தான் வேறு. ஒரு தடவை போனால் எவ்வளவு கிடைக்கும் என்று தெரிய முதல் எண், போக அனுமதி இருந்த நாளுக்கு எவ்வளவு என்று தெரிய இரண்டாவது, தினம் அடுப்பு எரியும் வீட்டுச் செலவுக்குக் கணக்குப் போட மூன்றாவது. கடலுக்குப் போய் ஒன்றும் கிடைக்காமல் வந்த நாள் இருந்தால் அதை 0 என்று எழுதிச் சேர்த்தே ஆகவேண்டும், விட்டுவிட்டால் சராசரி பொய் சொல்லும்.

ஜூன் மாதத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். தடை முடிந்த பிறகு 4 தடவை கடலுக்குப் போய் 96,000 ரூபாய் வரவு. 24,000, 6,000, 3,200 என்று மூன்றும் வருகிறதா, எந்த எண் எந்தக் கேள்விக்கு என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.