தென்னாப்பிரிக்காவில் பறவை வேட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனுக்கு வரும் நம் ஆட்கள் பெரும்பாலும் டிசம்பர் லீவில்தான் வருகிறார்கள். சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, பிள்ளைகளுக்குக் கடலும் ஆச்சு. அதோடு இரண்டு நாள் பறவை வேட்டையும் போட்டுக்கொள்ளலாம் என்று வேட்டை லாட்ஜைக் கேட்பதுதான் முதல் தவறு. டிசம்பர் இங்கே கோடை. பறவைகள் குஞ்சு பொரிக்கும் நேரம். கினிக்கோழிக்கும் கவுதாரிக்கும் சீசன் குளிர்காலம், பொதுவாக மே முதல் ஆகஸ்ட் வரை. சரியான தேதிகளையும், ஒருவர் ஒரு நாளில் எத்தனை சுடலாம் என்ற வரம்பையும் ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே அறிவிக்கிறது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணக் கணக்கை வைத்துக்கொண்டு பக்கத்து மாகாணமான ஃப்ரீ ஸ்டேட்டுக்குப் போக முடியாது. அந்த வருட அறிவிப்பைப் பார்த்த பிறகே விமான டிக்கெட் எடுங்கள். சீசனுக்குள்தான் ஆடி மாதமும் வருகிறது. அத்தை வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிறன்று வேட்டைக்குப் பதிவு செய்துவிட்டால், அதற்கு எந்த அலுவலகத்திலும் பர்மிட் வாங்க முடியாது.

அடுத்தது ‘மாமா துப்பாக்கி’ யோசனை. டர்பனில் நம் ஆட்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் மாமாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது, அவருக்குத் தெரிந்தவர் பண்ணை வைத்திருக்கிறார், அங்கே போய்க் காசு கொடுத்துச் சுடலாம் என்பார்கள். பணம் கொடுத்து வேட்டையாடும் வெளிநாட்டவர், பதிவு பெற்ற அவுட்ஃபிட்டர் (வேட்டை ஏற்பாட்டாளர்) மூலம்தான் போக வேண்டும். களத்தில் லைசென்ஸ் உள்ள தொழில்முறை வேட்டை வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும். லைசென்ஸ் எந்த மாகாணத்துக்குச் செல்லும் என்று பார்த்து, நகல் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். கட்டணம், பறவை வகை, எண்ணிக்கை எல்லாம் எழுதிய ஒப்பந்தம் முதல் தோட்டா வெடிக்கும் முன்பே கையெழுத்தாக வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுவருவது பெருமைதான், ஆனால் பறவை வேட்டைக்கு அது வீண் சிரமம் என்பது எங்கள் கருத்து. லாட்ஜிலேயே 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். 2000ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ்காரரின் நேரடி மேற்பார்வையில் நீங்கள் அதைப் பயன்படுத்தலாம். மேற்பார்வை என்றால் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். லாட்ஜில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

கொண்டுவந்தே தீருவேன் என்பவர்களுக்கு தென்னாப்பிரிக்கப் போலீஸின் எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற படிவம் இருக்கிறது. கறுப்பு மையில் நிரப்புங்கள், ஆனால் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். விமான நிலையத்தில் போலீஸ் அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். துப்பாக்கியில் பொறித்த எண், உங்கள் ஊர் லைசென்ஸ், படிவம் மூன்றிலும் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்: பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ எழுதியிருப்பார்கள். அவுட்ஃபிட்டரின் அழைப்புக் கடிதமும் திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். செமி-ஆட்டோமேட்டிக் வேண்டாம், சாதாரணமாக அனுமதி கிடைக்காது. ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி டர்பனுக்கு விமானம் மாறுபவர்கள் ஜோகன்னஸ்பர்க்கிலேயே இந்த வேலையை முடிக்க வேண்டும். நடுவில் நாலு மணி நேரமாவது விடுங்கள். வழியில் மாறும் மூன்றாவது நாட்டின் அனுமதியையும் விமான நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள். தோட்டாவுக்குப் பல விமான நிறுவனங்கள் வைக்கும் வரம்பு 5 கிலோ. 25 தோட்டாப் பெட்டி ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும், ஆக நாலு பெட்டிதான். சூரியகாந்தி வயலில் புறா கூட்டமாக இறங்கினால் அது அரை நாளுக்கே காணாது. தோட்டாவை இங்கேயே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்; அதன் அளவைச் சொல்லும் எண்ணில் குழப்பம் வேண்டாம். அமெரிக்க 6 என்பதும் பிரிட்டிஷ் 5 என்பதும் ஏறக்குறைய ஒரே அளவு. பிரிட்டிஷ் கணக்கில் கினிக்கோழிக்கு 5, கவுதாரிக்கு 6, புறாவுக்கு 7 போதும். கினிக்கோழி பறப்பதைவிட ஓடத்தான் பார்க்கும். ஓடுகிறதே என்று தாழ்வாகச் சுட்டால் நாய் மேலோ, புதரைத் தட்டிக் கிளப்பி வருபவர் மேலோ ரவை பாயும். பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டும் விசையைத் தொடுங்கள். வாத்தினத்தில் இன்னொரு ஏமாற்று: உடம்பு பெரிதாக இருப்பதால் கிட்டத்தில், மெதுவாகப் போவதாகத் தோன்றும். முள்ளிறகு வாத்து ஆண் 6 கிலோவைத் தாண்டும். 60 மீட்டரிலும் கைக்கெட்டுவது போலிருக்கும். 35 மீட்டருக்கு மேல் போனதை விட்டுவிடுங்கள், அடிபட்டுத் தப்பிப்போய்ச் சாகும். நட்டால் மேட்டுநிலத்தின் ஈரநிலங்களில் கிரேன் எனப்படும் பெரிய கொக்கினப் பறவைகள் இறங்கும். அவற்றைச் சுடவே கூடாது. விடிகாலை மங்கலில் இனம் தெரியாவிட்டால் துப்பாக்கி இறங்கியே இருக்கட்டும்.

உடை விஷயத்தில் டர்பன் வெயிலை நம்பி மெல்லிய சட்டையோடு வந்துவிடுகிறார்கள். மலையடிவார ஊரான அண்டர்பெர்க் பக்கம் ஜூலை விடியலில் புல்லெல்லாம் உறைபனி. குல்லாய், விரல் அசையும் கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ் கட்டாயம். மாலையில் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று இடுப்பு, முழங்கால் மடிப்பு வரை தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே உண்டு.

விலைப்பட்டியலில் ‘ஒரு துப்பாக்கிக்கு ஒரு நாள்’ என்ற தொகையை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கட்டாதீர்கள். துப்பாக்கி வாடகை, தோட்டா, பர்மிட், 15 சதவீத வாட் உள்ளே இருக்கிறதா வெளியேயா? சுடாமல் கூட வரும் மனைவிக்கு என்ன கட்டணம்? பறவைகளைக் கிளப்பி ஓட்டும் முறைக்குச் சுடுபவர்கள் ஆறு முதல் எட்டுப் பேர் வேண்டும். இரண்டு பேர் போனால் தெரியாத கும்பலோடு சேர்ப்பார்களா? நாய்க்காரருக்கும் ஓட்டுபவர்களுக்கும் டிப்ஸ் தனி.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் புக் செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். பிராய் என்னும் தணல் அடுப்பில் வரும் பூர்வோர்ஸ் தொத்திறைச்சியில் பெரும்பாலும் மாடுதான். உலர்த்திய இறைச்சியான பில்டாங்கும் பெரும்பாலும் அப்படியே. அன்றைக்குச் சுட்ட கினிக்கோழியை மசாலா போட்டு இரும்புச் சட்டியில் வேகவிடச் சொல்லலாம். சாப்பிடும்போது பல்லில் ரவை படும், பார்த்துக் கடியுங்கள். இறைச்சியையோ இறகையோ ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்படாதீர்கள். பறவைக் காய்ச்சலால் பல நாடுகள் விடுவதில்லை.

கிளம்பும் முன் வேட்டைக் கோட்டின் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்து உதறுங்கள். அதே பையோடு சென்னையில் இறங்கும்போது மடிப்பில் ஒரு தோட்டா சிக்கியிருந்தால், பதில் சொல்ல வேண்டியது போலீஸ் நிலையத்தில்.