தங்கச்சி கிளாஸ்கோவில், அம்மா சுங்கை சிப்புட்டில்

இங்கே மலேசியாவில் அம்மா பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்துவிட்டு வீடு திரும்பக் காலை 11 மணி ஆகும். அப்போது தங்கச்சி படிக்கும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அதிகாலை 3. அம்மாவிடம் பேசவே தங்கச்சி விழித்திருப்பாள், பகலில் தூங்குவாள். டிசம்பரில் அங்கே 4 மணிக்குள் இருட்டிவிடும், வெளிச்சமே பார்க்கமாட்டாள். "அண்ணே, வகுப்புக்குப் போகவே பிடிக்கல" என்று அழுதாள்.

பேசும் நேரத்தை நம் மாலை 5.30க்கு மாற்றினேன். அவளுக்குக் காலை 9.30, வெளியே நடந்துகொண்டே பேசணும் என்றேன். காலை வெளிச்சம்தான் உடம்பின் தூக்க நேரத்தைச் சரிசெய்யும்.

டாக்டரையும் பார்க்கச் சொன்னேன். "மனசுக்கெல்லாமா டாக்டரு?" என்று அம்மா தயங்கினார். காய்ச்சலுக்குப் போகிற மாதிரிதாம்மா! டாக்டரைப் பார்க்க, விசாவோடு கட்டிய சுகாதாரக் கட்டணமே போதும். ஸ்காட்லாந்தில் மருந்துச்சீட்டுக்கும் காசில்லை. இப்போது ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறாள்.