ஒருமுறை எழுதிய நிரலை மறுபடியும் தட்டாதிருக்க

மார்த்தாண்டத்துத் தேன் வியாபாரி ஒருவருக்காக ரசீது அச்சிடும் நிரலை எழுதியபோது, பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரே ஃபங்ஷனைத் திரும்பத் திரும்பத் தட்டிச் சலித்த பிறகே நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடில் ஸ்னிப்பெட் அமைத்தேன்; சுருக்கச் சொல் ஒன்றைத் தட்டினால் முழு நிரல்துண்டையும் நிரப்பித் தரும் வசதி அது. ஃபைல் மெனுவின் பிரிஃபரென்சஸ் பகுதியில் ஸ்னிப்பெட்டைத் தேர்ந்து, மொழியைக் குறித்தால், அமைப்புகளை எழுதிவைக்கும் ஜேசன் வகைக் கோப்பு ஒன்று திறக்கும். அதில் பிரிஃபிக்ஸுக்கு எதிரே சுருக்கச் சொல்லையும், பாடிக்கு எதிரே நிரல் வரிகளை ஒவ்வொன்றாக மேற்கோளுக்குள்ளும் எழுத வேண்டும். கர்சர் முதலில் நிற்க வேண்டிய இடத்தில் $1, டேப் விசையை அழுத்தியதும் தாவ வேண்டிய இடத்தில் $2, முடிவில் நிற்க $0 என்று இட வேண்டும். $1 ஈரிடங்களில் இருந்தால், ஓரிடத்தில் தட்டுவது மற்றதிலும் தானாக நிரம்பும். பிஎச்பி மாறிகள் (மதிப்புகளைத் தாங்கும் பெயர்கள்) டாலர் குறியுடனேயே தொடங்குவதால், அதற்கு முன் இரண்டு பின்சாய்வுக்கோடுகளை (\\) இடாவிட்டால் குறி மறைந்து வெறும் பெயர் மட்டுமே வந்து விழும். இதைக் கண்டறிய எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவாயிற்று.