தொட்டிக்குள் இறங்கும் முன்

குன்னூர்ப் பக்கம் நீலகிரித் தைலம் காய்ச்சும் சின்னப் பட்டறை எங்களுடையது. போன மழைக்காலத்தில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தம்பி நாலாவது படியிலேயே "அண்ணா, தலை சுத்துது" என்றான். சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டோம், முகம் வெளிறி, வியர்த்துக் கொட்டியது. அந்தக் குளிரிலும்.

அழுகிய இலைச் சக்கை உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், வழக்கமாக 20.9 சதவீதம் இருப்பது 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து, அதோடு ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் கிளம்பி அடியில் தங்கிவிடும். நாற்றம் வருகிறதா என்று மோந்து பார்ப்பதை தயவுசெய்து நம்பாதீர்கள், அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் ஒன்றுமே தெரியாது.

அப்புறம் ஆய்வுக்கு வந்த அதிகாரி சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றினோம். மூடியைத் திறந்து ஊதுவிசிறியை ஓடவிட்டு, வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் பார்த்த பிறகுதான் ஆள் இறங்குவார், இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டாயம். உள்ளே பயன்படுத்திய 230 வோல்ட் பல்பையும் எடுத்துவிட்டோம்; தக்க பாதுகாப்பு இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேல் கைவிளக்கு கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஏ பிரிவே சொல்லியிருந்தது. மேலே நிற்பவர் எதற்காகவும் உள்ளே குதிக்கக் கூடாது, கயிற்றை மட்டும்தான் இழுக்க வேண்டும். இப்போது தம்பிதான் மீட்டரை இறக்குகிறான், வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.