இரண்டு லிட்டர் டப்பாவில் குட்டைத் தக்காளி: வயல்காட்டுப் பழக்கத்தை மறந்துவிட்டு வாருங்கள்

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லைத் தவிர வேறு எதையும் பெரிதாக யோசிக்காத வீடு. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த எனக்கு ஒரு சாண் உயரத் தக்காளிச் செடி மூன்று தடவை தண்ணி காட்டியது. சரியாகச் சொன்னால் நான்தான் அதற்குத் தண்ணி காட்டினேன், ஏனென்றால் மூன்று தடவையும் அது செத்தது தண்ணீரால்தான். நான்காவது தடவை பிழைத்துக் காய்த்தது. அந்த நான்காவது தடவை என்ன செய்தேன் என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப்போகிறேன், நடுநடுவே முதல் மூன்று தடவை என்ன கூத்து அடித்தேன் என்பதும் வரும்.

முதலில் விதை. குட்டைத் தக்காளி என்று கேட்டால் கடைக்காரர் ஏதாவது ஒரு செர்ரி தக்காளியை எடுத்துக் கொடுத்துவிடுவார், கவனம். செர்ரி என்பது பழத்தின் அளவு. செடி ஆறடி ஏழடி கொடியாகப் போகும். நமக்கு வேண்டியது செடியே குட்டையாக இருக்கும் ரகம். மைக்ரோ டாம், டைனி டிம், ரெட் ராபின் என்ற பெயர்களில் கிடைக்கும். இதில் மைக்ரோ டாம் அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்காக உருவாக்கி 1989இல் வெளியிட்ட ரகம். 15 முதல் 20 சென்டிமீட்டர்தான் வளரும், இடம் அடைக்காது, சீக்கிரம் காய்க்கும் என்பதால் பிற்பாடு ஆராய்ச்சிக்கூடங்களிலும் அதை வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பழம் சுண்டைக்காயைவிடப் பெரிது, பெரிய நெல்லிக்காயைவிடச் சிறிது. ரசத்துக்குப் போதுமா என்றால் போதாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். குழம்புக்குத் தக்காளி வேண்டும் என்பவர்கள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பிகேஎம் 1 போடலாம். அதுவும் ஓரளவுக்குமேல் உயராமல் நின்றுவிடும் ரகம்தான், ஆனால் அதற்குப் பத்து லிட்டர் வாளியாவது வேண்டும். இரண்டு லிட்டர் டப்பாவில் அது நடக்காது.

எப்போது போடுவது? நம் ஊரில் இதுதான் பாதி வேலை. ஐப்பசியில் நாற்று விட்டால் அடைமழையில் அழுகிவிடும். என்னுடைய இரண்டாவது முயற்சி அப்படித்தான் போனது, நாற்பது நாற்றும் ஒரே வாரத்தில் தண்டின் அடி நூல் மாதிரி மெலிந்து சாய்ந்துவிட்டன. சரி, வெயிலில் போடலாம் என்று மாசிக் கடைசியில் போட்டால் சித்திரையில் பூக்கும், பூத்த பூவெல்லாம் கொட்டும். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியிலும் சூடு இறங்கவில்லை என்றால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும், பிஞ்சு பிடிக்காது. அது உரக்குறை இல்லை, நீங்கள் எதை ஊற்றினாலும் நிற்காது. அதனால் கார்த்திகை முதல் வாரம் விதையுங்கள், வெளியே மழை பெய்தாலும் நாற்று தாழ்வாரத்துக்குள் இருக்கட்டும். மார்கழி பிறக்கும்போது டப்பாவுக்கு மாற்றினால் மார்கழிக் கடைசியில் பூ, தைக் கடைசியில் பழம். விதைத்ததிலிருந்து ஏறக்குறைய 80, 90 நாள். சம்பா அறுவடை நடக்கும் நேரம் மாடியில் இதுவும் பழுக்கும்.

டப்பாவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா, வாய் அறுத்த எண்ணெய் கேன், பழைய பெயின்ட் வாளி, எதுவானாலும் சரி, குறைந்தது ஆறு அங்குல ஆழம் இருக்கட்டும். அடியில் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். அதோடு பக்கவாட்டில் தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் இன்னும் மூன்று, ஏனென்றால் டப்பா தரையில் ஒட்டி உட்கார்ந்தால் அடி ஓட்டை அடைத்துக்கொள்ளும். கறுப்பு டப்பாவாக இருந்தால் வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் வேர் வெந்துவிடும்.

இனி மண். முதல் தடவை நான் செய்த தப்பு இங்கேதான். வீட்டுக்குப் பின்னால் வயல் இருக்கிறது, பொன் விளையும் வண்டல் மண், இதைவிட நல்ல மண் எங்கே கிடைக்கும் என்று இரண்டு கூடை அள்ளிவந்து டப்பாவில் நிரப்பினேன். தண்ணீர் ஊற்றினால் மேலேயே குளமாக நின்றது. ஒருநாள் விட்டால் பாளம் பாளமாக வெடித்தது, வெடித்த பிளவு வழியாக ஊற்றின தண்ணீரெல்லாம் ஓடி அடியில் வந்துவிட்டது, வேர் இருந்த கட்டி மட்டும் காய்ந்தபடியே இருந்தது. வயலில் அந்தக் களிமண் நன்றாக இருப்பதற்குக் காரணம், அங்கே நெல் நிற்கிறது. நெல்லின் தண்டுக்குள் காற்றுப் போக வழி உண்டு, இலையிலிருந்து வேர்வரை காற்றை அதுவே இறக்கிக்கொள்ளும், அதனால்தான் தேங்கின தண்ணீரில் கால் வைத்து நிற்கிறது. தக்காளிக்கு அந்த வசதி கிடையாது. அதன் வேர் மண்ணின் இடுக்கில் இருக்கும் காற்றைத்தான் நம்பியிருக்கிறது, இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்தால் மூச்சுமுட்டிச் சாகும். இது ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் சுலபம்.

எனவே வயல் மண் வேண்டாம். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழுவுரமோ இரண்டு பங்கு, மணலோ உமிக்கரியோ ஒரு பங்கு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் உள்ளவர்களுக்கு நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. மற்றவர்கள் கட்டியாக அழுத்தி விற்பதை வாங்கி ஊறவைக்கலாம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று தடவை அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். உமிக்கரி என்றால் கறுப்பாக இருக்கும் கரி. அரிசி ஆலையில் வெள்ளையாகக் கொட்டிக்கிடக்கும் சாம்பலை அள்ளிவராதீர்கள், அதில் காரத்தன்மை அதிகம். தொழுவுரத்தில் சாணி வாடை அடித்தால் இன்னும் மக்கவில்லை என்று அர்த்தம். கலந்து முடித்ததும் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள், கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் மணல் கொஞ்சம் கூட்டுங்கள்.

விதைப்புக்குக் கொட்டாங்கச்சி போதும், கண்ணைத் திறந்துவிட்டால் வடிகாலும் ஆச்சு. இதே கலவையைச் சலித்துப் போட்டு, ஒன்றுக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். அதற்குமேல் புதைக்காதீர்கள், நெல் மாதிரி அள்ளித் தெளிக்கவும் வேண்டாம், நெருங்கி முளைத்தால் அழுகல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும். ஐந்து முதல் எட்டு நாளில் முளைக்கும். முளைத்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், கூடத்து மூலையில் வைத்தால் வெளிறி நீண்டுவிடும். இரண்டில் வீக்கானதைக் கத்திரியால் வெட்டுங்கள், பிடுங்கினால் பக்கத்து வேரும் வரும்.

நாலைந்து இலை விட்டதும், அதாவது 22, 25 நாளில், டப்பாவுக்கு மாற்றலாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்தபிறகு செய்யுங்கள். விதையிலை மட்டத்துக்குப் புதைத்து நடலாம், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும், இது தக்காளிக்கு உள்ள நல்ல குணம். ஒரு டப்பாவுக்கு ஒரு செடி. ‘இவ்வளவு இடம் இருக்கே, இன்னொண்ணு வையேன்’ என்று அத்தை சொன்னார், வைத்தேன், இரண்டும் நோஞ்சானாகப் போய்விட்டன.

இப்போது தண்ணீர். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் மடையைத் திறந்துவிடுகிற கை நம்முடையது, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்களுக்கு அந்த ஆசை இன்னும் அதிகம், வரும்போதே பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று. அந்தக் கையோடு டப்பா பக்கம் போகாதீர்கள். என் மூன்றாவது முயற்சியில் மண் கலவை எல்லாம் சரியாக இருந்தது, காலையில் நான் ஊற்றினேன், நான் ஊற்றவில்லை என்று நினைத்து மத்தியானம் அப்பா ஊற்றினார், போகிறபோக்கில் அம்மாவும் ஒரு சொம்பு. பத்தே நாளில் கீழிலை மஞ்சளாகிச் செடி வாடியது. வாடியதைப் பார்த்து இன்னும் ஊற்றினோம்! தண்ணீர் அதிகமானாலும் தக்காளி வாடத்தான் செய்யும், வேர் அழுகினால் ஈரத்தை உறிஞ்ச எது இருக்கிறது?

நான் இப்போது செய்வது இதுதான். நட்டதும் ஒரு தடவை நன்றாக நனைத்து, அடியில் வடிந்து முடிந்தபிறகு டப்பாவைத் தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்கிறேன். பிறகு தினமும் காலையில் தூக்கிப் பார்ப்பேன். கனமாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை, பாதியாக லேசாகியிருந்தால் உண்டு. சந்தேகமாக இருந்தால் விரலை முதல் கணு வரை விட்டுப் பாருங்கள். சின்னச் செடிக்கு ஒரு டம்ளர்கூட வேண்டாம், அரை டம்ளர் போதும். காய் பிடித்தபிறகு, மாசி வெயிலில், காலையும் மாலையுமாக இரண்டு டம்ளர் வரை கேட்கும். இலைமேல் ஊற்றாமல் வேர்ப்பக்கம் ஊற்றுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றுவது நல்லது, டப்பாவில் உப்பு நாளுக்கு நாள் தங்கிக்கொண்டே போகும்.

ஐந்தாறு மணி நேர வெயில் படும் இடம் வேண்டும். மாடித் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல்மேல் வையுங்கள். உரம் என்றால், நார்க்கழிவில் சத்து எதுவும் பெரிதாகக் கிடையாது, போட்ட மண்புழு உரமும் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். கடலைப் பிண்ணாக்கு ஒரு கைப்பிடியை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பத்து நாளைக்கு ஒரு தடவை ஒரு டம்ளர். நாற்றம் குடலைப் பிரட்டும், பக்கத்து வீட்டில் விசேஷம் இருக்கும் நாளாகப் பார்த்து ஊற்றாதீர்கள். பூ வந்தபிறகு இதைப் பாதியாகக் குறைத்து, விறகுச் சாம்பல் இரண்டு விரல் சிட்டிகை தூவிவிட்டால் போதும்.

பக்கக்கிளையைக் கிள்ளச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள். அது கொடித் தக்காளிக்கு. குட்டை ரகத்தில் கிள்ளினால் காய்க்க வேண்டிய கிளையைத்தான் கிள்ளுகிறீர்கள். பூத்ததும் காலை ஒன்பது, பத்து மணிக்குக் கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள், ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருப்பதால் அந்த அதிர்வே போதும்.

வெள்ளை ஈ வரும். அது சாறை உறிஞ்சிப்போவது பெரிய விஷயமில்லை, இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டுவருவதுதான் விஷயம். வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, சோப்புக் கரைசல் சில துளி, ஒரு லிட்டர் தண்ணீர், வாரம் ஒருமுறை சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி. நுனி சுருண்டு குறுகிப்போன செடியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், பிடுங்கி எரித்துவிடுங்கள். இன்னொன்று, எங்கள் வீட்டில் இதனால் சண்டையே வந்தது: வெற்றிலை சீவலோடு புகையிலை போடுகிற பழக்கம் உள்ளவர்கள் கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் செடியைத் தொடக்கூடாது. புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த புகையிலையிலும் உயிரோடு இருக்கும், கை வழியாகத் தக்காளிக்கு வரும். அப்பா இதை நம்பவில்லை. ஆனால் இப்போது என் செடியைத் தொடுவதில்லை, கோபத்தில்.

காயின் அடிப்பக்கம் கறுப்பாகக் குழிந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறை என்று முட்டை ஓட்டைக் கொட்டுவார்கள். ஓடு மட்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் செடியே முடிந்துவிடும். பெரும்பாலும் சத்து மண்ணில் இருக்கும், ஒருநாள் காயப்போட்டு மறுநாள் கொட்டினால் காய்க்குப் போய்ச் சேராது. பழம் வெடிப்பதும் அதே காரணத்தால்தான். திரும்பவும் டப்பாவைத் தூக்கிப் பாருங்கள்.

பழம் லேசாக நிறம் மாறியதுமே பறித்துவிடுங்கள், வீட்டுக்குள் வைத்தாலும் நன்றாகவே பழுக்கும், செடியிலேயே விட்டால் அணிலுக்குத்தான். முதல் கொத்தின் நல்ல பழம் இரண்டை மட்டும் விதைக்கு வையுங்கள். விதையைச் சாறோடு ஒரு டம்ளரில் இரண்டு நாள் புளிக்கவிட்டு, வழுவழுப்பு போகக் கழுவி, நிழலில் காயவைத்து, காகிதத்தில் மடித்துப் பெயரும் மாதமும் எழுதிவையுங்கள். மைக்ரோ டாம் மாதிரி ரகத்தில் அடுத்த வருடமும் அதே செடி வரும், பாக்கெட்டில் கலப்பின விதை என்று போட்டிருந்தால் வராது. பங்குனியில் செடி ஓய்ந்ததும் கலவையைச் சாக்கில் பரப்பி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள், அதில் உடனே கத்திரி, மிளகாய் வைக்க வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம். என் டப்பாக்களில் இப்போது சிறுகீரை. அதற்கு மட்டும் அப்பா தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.