காட்டுக்கோழி இறகும் செருப்பு ஃபோமும்: மூணாற்று ஓடைகளுக்கு ஈத்தூண்டில் கட்டும் முறை

மூணாற்றின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் ரெயின்போ டிரவுட் மீனுக்கு ஈத்தூண்டில் (தூண்டில் முள்ளில் இறகு, நூல் போன்றவற்றைக் கட்டிப் பூச்சிபோல் செய்யும் போலி இரை; சுருக்கமாக ‘ஈ’) கட்டத் தொடங்குபவர், மரபான பொருளா, கைக்குக் கிடைத்த பொருளா என்று முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியதில்லை. அந்த ஈ நீரில் மிதக்க வேண்டுமா, மூழ்க வேண்டுமா என்பதைத் தீர்மானித்தால் போதும்.

மூழ்கும் ஈக்கு, உதிர்ந்த மயில்தோகையின் இழைக்கு நிகராக நான் எதையும் கண்டதில்லை. 12ஆம் எண் தூண்டில் முள்ளின் தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றி, மூன்று இழைகளையும் மெல்லிய செப்புக் கம்பி ஒன்றையும் வளைவின் அருகே கட்டி, இழைகளை நூலோடு சேர்த்து முறுக்கிய பின் முன்னோக்கிச் சுற்றவும். மீனின் பல் பட்டால் இழை எளிதில் அறுந்துவிடும் என்பதால், கம்பியை எதிர்த்திசையில் இடைவெளி விட்டுச் சுற்றிப் பிணைக்க வேண்டும்; எரிந்துபோன மிக்ஸி மோட்டாரின் கம்பியே இதற்குப் போதுமானது. முள்ளின் கண்ணுக்கு, அதாவது தூண்டில் நரம்பைக் கோக்கும் வளையத்துக்கு, பின்னால் 2 மில்லிமீட்டர் விடாவிட்டால் தலைமுடிச்சுக்கு இடமிருக்காது. என் முதல் ஈக்கள் அப்படித்தான் வீணாயின.

மிதக்கும் ஈக்குச் சேவலின் கழுத்து இறகே மரபு. ஆனால் நனைந்த இறகை அடிக்கடி உலர்த்த வேண்டும். ரப்பர் செருப்பிலிருந்து மெல்லியதாகச் சீவிய ஃபோமோ நீரை உறிஞ்சாது. நூலை அளவுக்கு மீறி இறுக்கினால் மட்டும் அது அறுபடும்.

சால்மன் மீனுக்கான பழைய ஆங்கிலேய ஈக்களில் கண்போல் மின்னியது நம் மலைகளின் சாம்பல் காட்டுக்கோழியின் இறகு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் பறவை அது. அதனால் அதற்குப் பதிலாக, கறுப்புச் சேவல் இறகில் வெள்ளை நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, காய்ந்தபின் அதன்மேல் மஞ்சள் தொட்டால் அந்தக் கண் கிடைத்துவிடும்.