பர்மா டாக்டர் தாத்தாவைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்கள் தாத்தாவின் அப்பா பர்மாவில் டாக்டராக இருந்தார்." இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு தேடத் தொடங்குபவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான் யாங்கோனிலேயே (பழைய ரங்கூன்) பிறந்து வளர்ந்தவள். கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த நியாங்லெபின் இங்கிருந்து ரயிலில் சில மணி நேரப் பயணம்தான். அப்படியும் முதல் இரண்டு வருடம் நான் தேடியது வேறு ஒருவரை. பழைய அரசு ஊழியர் பட்டியலில் அதே பெயரில் ஒரு அசிஸ்டென்ட் சர்ஜன் இருந்தார். அவரை எங்கள் ஆள் என்றே நம்பி, அவர் மாற்றலாகிப் போன ஊர்களையெல்லாம் எழுதி வைத்தேன். பிறகு கிடைத்த நிலப் பத்திரம் ஒன்றில் கொள்ளுத்தாத்தாவுடைய தகப்பனார் பெயர் இருந்தது, அது பட்டியல்காரரின் தலைப்பெழுத்தோடு பொருந்தவே இல்லை.

நான் ஏமாந்த இடம் "டாக்டர்" என்ற சொல். அந்தக் காலத்தில் ஜில்லாத் தலைநகரில் சிவில் சர்ஜன் இருப்பார். அவருக்குக் கீழே பட்டம் பெற்ற அசிஸ்டென்ட் சர்ஜன்கள். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் மருத்துவப் பள்ளியில் படித்த சப் அசிஸ்டென்ட் சர்ஜன்கள். 1910 வாக்கில்தான் இந்தப் பதவிப் பெயர் வந்தது. அதற்கு முன் ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட் என்று இருக்கும், அந்தப் பெயரில் தேடாவிட்டால் கிடைக்காது. இவர்களுக்கெல்லாம் அடுத்து கம்பவுண்டர், டிரஸ்ஸர், அம்மை குத்துபவர். சில வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிப் பழகிவிட்டு, பஜாரில் சொந்தமாகக் கடை போட்ட கம்பவுண்டரையும் ஊர் டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. அதில் பொய் எதுவும் இல்லை. மலேரியா அடித்துக்கொண்டிருந்த ஊரில் குவினைனை வைத்துக்கொண்டு நடு ராத்திரியிலும் கதவைத் திறந்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? என் கொள்ளுத்தாத்தாவும் கம்பவுண்டர்தான் என்று தெரிந்தபோது வீட்டில் சிலருக்கு முகம் சுருங்கியது. எனக்கு அவர்மேல் மரியாதை கூடத்தான் செய்தது.

அதனால் மருத்துவர் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுக்கான சட்டம் 1914ல் வந்தது, பர்மாவில் 1915ல். அதற்கு முன்பே ஓய்வு பெற்றவரையோ, கம்பவுண்டரையோ அதில் தேடிப் பயனில்லை.

பர்மிய மொழியிலும் இதே குழப்பம் உண்டு. "சயா" என்றால் ஆசிரியர். நாட்டு மருந்து கொடுப்பவர் "ஸே சயா", ஆங்கில மருத்துவர் "சயாவுன்". பேச்சில் மூவருமே வெறும் சயாதான். 1930ல் பிரிட்டிஷாரை எதிர்த்துக் கிளர்ச்சி நடத்திய சயா சான்கூட நாட்டு வைத்தியம் பார்த்தவர். ஊர்ப் பெரியவர் உங்கள் தாத்தாவை சயா என்று சொன்னால் எந்த சயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வாத்தியாரை டாக்டராக்கிவிட்ட குடும்பம் ஒன்றை எனக்கே தெரியும்.

அப்புறம், கப்பல் பட்டியல். மொரீஷியசில் சொந்தக்காரர் இருப்பவர்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு எண் உண்டு. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பர்மாவுக்கு அப்படி எதிர்பார்க்க முடியாது. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ சீட்டு வாங்கிக் கப்பலில் ஏறியவருக்கு அது வெளிநாட்டுப் பயணமே இல்லை, பாஸ்போர்ட்டும் தேவைப்படவில்லை. இல்லாத பட்டியலுக்காகக் கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் எங்கே படித்தார் என்று பாருங்கள். ரங்கூனில் அரசு மருத்துவப் பள்ளி 1907ல்தான் வந்தது. அதற்கு முன் படித்து முடித்தவர் என்றால் ராயபுரம் மருத்துவப் பள்ளி (பின்னாளில் ஸ்டான்லி) போன்ற இடங்களின் பக்கம்தான் போக வேண்டும், ஆவணமும் தமிழ்நாட்டில்தான் இருக்கும்.

பெயரைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் தேடும்போது மறந்துவிடுகிறோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைமுறைக்குத் தலைமுறை தலைப்பெழுத்து மாறும். ஆங்கிலப் பட்டியலில் பிள்ளை, முதலியார், நாயுடு என்ற பட்டத்தைக் கடைசிப் பெயராக வைத்து அடுக்கியிருப்பார்கள், அதே ஆளை இன்னொரு பட்டியலில் சொந்தப் பெயரில் போட்டிருப்பார்கள். 1931 கணக்கெடுப்பின்போது பர்மாவில் இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரில் ஒரு இராமசாமிப் பிள்ளையைக் கண்டுபிடித்தால் போதாது. தகப்பனார் பெயர், சொந்த ஊர் இரண்டும் பொருந்த வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வது பழைய நிலப் பத்திரங்கள்தான். பர்மாவில் சம்பாதித்தவர்கள் ஊரில் நிலம் வாங்கினார்கள், மனை வாங்கினார்கள். "இன்னார் குமாரர் இன்னார், தற்சமயம் பர்மாவில் இன்ன ஊரில் இருப்பவர்" என்று அதில் எழுதியிருக்கும். எனக்குக் கிடைத்ததும் அதுதான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா ஒருவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்து நகல் வாங்கி அனுப்பினார். கல்யாணத்து மொய் நோட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யார் எந்த ஊரிலிருந்து எவ்வளவு வைத்தார்கள் என்பதில் பாதி உறவுமுறை வந்துவிடும். ஜாதகத்தில் தமிழ் வருடம் மட்டும் இருந்தால் கவனம் வேண்டும். "சாதாரண" என்றால் 1910 ஆகவும் இருக்கலாம், அறுபது வருடம் முந்திய 1850 ஆகவும் இருக்கலாம்.

ஊர்ப் பெயர்கள் 1989ல் மாறின. பெகு பாகோ ஆனது, பசேன் பாத்தெய்ன், மோல்மீன் மாவ்லமியைன். ரங்கூன் தெருக்களிலும் மொகல் தெரு இன்று ஷ்வே போந்தா தெரு. இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

இனி, பலர் பேசத் தயங்கும் ஒன்று. தனியாக வந்து இருபது, முப்பது வருடம் இங்கே வேலை பார்த்தவர்களில் பலருக்கு இங்கும் ஒரு குடும்பம் இருந்தது. அந்தப் பர்மிய மனைவியை "வைத்திருந்தவள்" என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டு, குடும்ப மரத்தில் ஊரில் இருந்த மனைவியை மட்டும் எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பர்மிய பௌத்த வழக்கப்படி சடங்கோ பதிவோ இல்லாமல், ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தாலே அது கல்யாணம். இந்து ஆணைக் கட்டிய பௌத்தப் பெண்ணின் உரிமைக்காகத் தனிச் சட்டமே 1939ல்தான் போட்டார்கள். அதற்கு முன் நடந்த கல்யாணத்துக்குப் பதிவு இல்லை என்றால் அது அந்தப் பெண்ணின் குற்றமா?

அந்தப் பிள்ளைகளைத் தமிழ்ப் பெயரில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். பர்மியப் பெயர் பெரும்பாலும் பிறந்த கிழமையை ஒட்டி வைப்பது. ப, ம வரிசை எழுத்து வந்தால் வியாழன், உயிரெழுத்து வந்தால் ஞாயிறு. பிறந்த தேதி தெரிந்தால் கிழமையைக் கணக்குப் பார்த்து ஓரளவு சரிபார்க்கலாம். வயதுக்கேற்ப முன்சொல்லும் மாறும். சிறுவனாக மாங், வாலிபத்தில் கோ, பெரியவரானதும் ஊ. பெண் என்றால் மா, பிறகு டோ. 1915ல் மாங் என்று பதிந்தவரும் 1950ல் ஊ என்று கையெழுத்துப் போட்டவரும் ஒரே ஆளாக இருக்கலாம். இது தெரியாமல் என் கொள்ளுத்தாத்தாவின் மகன் ஒருவரை இரண்டு பேராக எழுதி வைத்திருந்தேன்.

கல்லறையைத் தேடி அலைவதும் வீண். நம் இந்துக்களில் பெரும்பாலோரை எரித்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பம் என்றாலும் யாங்கோன் நகருக்குள் இருந்த பழைய கல்லறைத் தோட்டங்கள் சில 1990களில் அகற்றப்பட்டன. கோயில் உபயக் கல்வெட்டுகளைப் படியுங்கள், அதில் பலன் அதிகம்.

1942ஐக் கதையின் முடிவாக எடுத்துக்கொள்வதும் தவறு. 1941 டிசம்பர் 23ல் ரங்கூனில் ஜப்பானியரின் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கானவர்கள் தாமு வழியாக மணிப்பூருக்கும், அரக்கான் வழியாக வங்காளத்துக்கும் நடந்தார்கள். கடிதம் நின்றுபோனதும் "நடக்கும்போது காட்டில் செத்துப்போனார்" என்று குடும்பம் முடிவு கட்டிவிடும். சிலர் உண்மையிலேயே அப்படி இறந்தார்கள். சிலர் புறப்படவே இல்லை. போரெல்லாம் முடிந்து திரும்பி வந்தவர்களும் உண்டு. 1948க்குப் பிறகும் இருந்தவர் என்றால் வெளிநாட்டவர் பதிவு அட்டையை, இங்கே எஃப்.ஆர்.சி. என்போமே, வீட்டில் தேடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

பர்மியக் கிளையின் வீடு தெரிந்துவிட்டால் நேராகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். 1964ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதையும், இந்திய வம்சாவளியினருக்கு முழுக் குடியுரிமை கிடைப்பதைக் கடினமாக்கிய 1982 குடியுரிமைச் சட்டத்தையும் பார்த்த குடும்பங்கள் இவை. இந்தியச் சொந்தம் என்று ஒருவர் கேமராவும் காகிதமுமாக வந்து நின்றால் பயப்படத்தான் செய்வார்கள். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சொத்து எதையும் கேட்டு வரவில்லை என்று முதலில் சொல்லுங்கள். அவர்களிடம் படம் கேட்பதற்கு முன் உங்களிடம் இருக்கும் படத்துக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள், பின்பக்கத்தில் அவருடைய தமிழ்ப் பெயரைப் பர்மிய எழுத்தில் எழுதி.